இளம் ஆய்வாளர் விருதும் என் கழுத்தும்

பழனியும் இல்ல, திருப்பதியும் இல்ல சார். நீங்க வாய்விட்டுக் கேக்கல, ஆனா சமயபுரம் தாண்டினதுலேர்ந்து என் தலையத்தான் பாத்துக்கிட்டு வர்றீங்க. தப்பில்ல. எல்லாரும் பாக்குறாங்க. கண்டக்டர் டிக்கெட் கிழிச்சுக் குடுக்கறப்ப கன்னத்துல போட்டுக்கிட்டான், கவனிச்சீங்களா? இது வேண்டுதல் மொட்டை இல்ல சார். ஆராய்ச்சியில போன முடி.

விழுப்புரத்துலதான இறங்கறீங்க? அப்ப நேரம் இருக்கு. சொல்றேன்.

என் பேரு மாசிலாமணி. டாக்டர் மாசிலாமணி. ஊசி போடற டாக்டர் இல்ல, ஆராய்ச்சி பண்ணி வாங்கின டாக்டர். திருச்சிக்குப் பக்கத்துல ஒரு தனியார் மெடிக்கல் காலேஜ்ல, பேரு எதுக்கு, நச்சியல் துறையில உதவிப் பேராசிரியர். நச்சியல்னா விஷத்தைப் பத்தின படிப்பு. எது விஷம், உடம்புக்குள்ள போய் அது என்ன பண்ணும், எப்படிக் காப்பாத்தறது, இதெல்லாம். எங்க வீட்ல, கல்யாணமான புதுசுல அவ அக்காகிட்ட "ஏதோ எலி வளக்கற வேலை"ன்னு சொல்லி வச்சிருந்தா. இருபது வருஷமா விளக்கிப் பாத்துட்டேன். இன்னமும் அதையேதான் சொல்றா.

எங்க துறைக்காரங்களுக்கு ஒரு சங்கம் இருக்கு. காவிரி மண்டல நச்சியல் பேரவை. அதுல வருஷா வருஷம் ஒரு விருது குடுப்பாங்க. வேதாந்தம் நினைவு இளம் ஆய்வாளர் விருது. புதுசா ஆராய்ச்சிக்கு வந்தவங்க நல்ல பேப்பர் ஒண்ணு எழுதி, அது ஜர்னல்ல வந்திருந்தா, அதைப் பாராட்டி ஒரு கேடயம், ஒரு பட்டயம், ஒரு சால்வை. பாக்க சின்ன விஷயம். ஆனா வாங்கினவன் பேரோட அது ஆயுசுக்கும் ஒட்டிக்கிட்டே வரும் சார். எங்க போனாலும் "வேதாந்தம் விருது பெற்ற இன்னார்"னுதான் மைக்குல கூப்பிடுவாங்க. என்கூடப் படிச்ச ஒருத்தன் கல்யாணப் பத்திரிகையிலயே போட்டுக்கிட்டான். பொண்ணு வீட்டுக்காரங்க அதை சாமி பேருன்னு நினைச்சுக்கிட்டாங்க. அது வேற கதை.

நான் முதல்ல விண்ணப்பிச்சப்ப எனக்கு இருபத்தொம்பது வயசு. பேப்பர் எங்கன்னு கேட்டாங்க. எழுதப் போறேன்னு சொன்னேன். எழுதினப்பறம் வாங்கன்னு அனுப்பிட்டாங்க. ஒருத்தன் கிட்ட இருக்கற திறமையை முன்கூட்டியே அடையாளம் காண்றதுக்குப் பேருதான சார் ஊக்குவிப்பு? அந்தக் கமிட்டிக்கு அது தெரியல. முப்பத்தி நாலுல மறுபடி போட்டேன். அப்ப ரெண்டாவது இடம். மொத்தம் ரெண்டு பேருதான் போட்டிருந்தோம், இருந்தாலும் ரெண்டாவது. அடுத்த வருஷத்தோட வயசு வரம்பு முடிஞ்சு போச்சு. முப்பத்தஞ்சு.

அப்பதான் உக்காந்து யோசிச்சேன். இளம் ஆய்வாளர்னா என்ன? ஆளு இளசா இருக்கணுமா, ஆராய்ச்சி இளசா இருக்கணுமா? நீங்களே சொல்லுங்க. ஒருத்தன் இருபத்தஞ்சு வயசுல பி.ஹெச்டி. முடிச்சுடறான், முப்பத்தஞ்சு வயசுல அவன் பழுத்த ஆய்வாளன். இன்னொருத்தன் நிதானமா முடிக்கிறான். நான் பதினேழு வருஷம் எடுத்துக்கிட்டேன். நாப்பத்தி நாலு வயசுலதான் பட்டம் வாங்கினேன். அப்ப ஆய்வாளனா எனக்கு வயசு என்ன? கைக்குழந்தை.

சும்மா புலம்பிக்கிட்டு இருக்கல நான். பேரவையில செயற்குழு உறுப்பினர் ஆனேன். அப்பறம் இணைச் செயலாளர். போன வருஷம் பொதுக்குழுவுல தீர்மானம் கொண்டு வந்தேன். வயசு வரம்பை எடுத்துடணும், பி.ஹெச்டி. வாங்கி அஞ்சு வருஷத்துக்குள்ள இருந்தா போதும்னு. எனக்காகன்னு சொன்னா நல்லா இருக்குமா? பெண்களுக்காகன்னு சொன்னேன். "ஒரு பொண்ணு கல்யாணம் பண்ணி, பிள்ளை பெத்து, மாமனார் மாமியாரைப் பாத்து, எல்லாக் கடமையும் முடிச்சுட்டு நாப்பத்தஞ்சு, அம்பது வயசுல ஆராய்ச்சிக்கு வர்றா. வாசல்ல நின்னுக்கிட்டு அவகிட்ட நாம வயசு கேக்கறதா?"ன்னு பேசினேன். கைத்தட்டல் அடங்க நேரமாச்சு சார். ரெண்டு பேராசிரியைங்க கண்ணைத் துடைச்சுக்கிட்டாங்க. ஏகமனதா நிறைவேறிடுச்சு. எனக்கு அப்ப நாப்பத்தேழு. விதிப்படி இன்னும் ரெண்டு வருஷம் இளமை பாக்கி இருந்துச்சு.

இப்ப அந்தம்மா கதைக்கு வர்றேன்.

எங்க காலேஜ் ஆஸ்பத்திரியில விஷ வார்டுன்னு தனியா ஒண்ணு இருக்கு. அதுல சகாயராணின்னு ஒரு லேப் டெக்னீஷியன். இருபத்தி ரெண்டு வருஷமா அங்கதான். ரத்தம் எடுக்கறது, சிறுநீர் சோதிக்கறது, ரிஜிஸ்டர் எழுதறது. புருஷன் ரயில்வேயில வேலை பாத்தவரு, தவறிட்டாரு, ரெண்டு பொண்ணு, ரெண்டையும் கட்டிக் குடுத்தாச்சு. நடுவுல தபால்ல எம்.எஸ்சி. முடிச்சிருக்கு. அப்பறம் எங்க காலேஜ்லயே பி.ஹெச்டி. சேந்து, நாலே வருஷத்துல வாங்கிடுச்சு. அவசரம்தான், வேறென்ன. அம்பது வயசுல பட்டம் வாங்கினப்ப வார்டுல எல்லாருக்கும் லட்டு குடுத்துச்சு. நானும் ரெண்டு சாப்பிட்டேன். எனக்கு மனசுல எதுவும் கிடையாது.

அந்த வார்டுக்கு எந்த விஷம் அதிகமா வரும்னு நினைக்கிறீங்க? பூச்சிமருந்துன்னு சொல்வீங்க. அது முதல். அடுத்தது தலைச்சாயம் சார். நரைக்கு அடிக்கிற டை. கோபத்துல, வெறுப்புல, வீட்ல கைக்கு எட்டினதைக் குடிச்சுட்டு வந்துடுதுங்க சின்னஞ்சிறுசுங்க. அது என்ன பண்ணும்னா, கழுத்து வீங்கும். முகம் வீங்கும். உள்ள தொண்டையும் சேந்து வீங்கும். மூச்சு போற வழி அடைச்சுக்கும். நேரத்தோட குழாய் போட்டாப் பிழைக்கும். கொஞ்சம் தாமதிச்சா அப்பறம் குழாய் நுழைய வழி இருக்காது.

சகாயராணியம்மா என்ன பண்ணுச்சு தெரியுமா? வீட்லேர்ந்து டெய்லர் வச்சிருக்கற இஞ்ச் டேப் ஒண்ணைக் கொண்டு வந்துச்சு. கேஸ் வந்த உடனே கழுத்துல பேனாவால ஒரு புள்ளி வைக்கும். அந்த இடத்துல சுத்தளவு எடுக்கும். அரைமணிக்கு ஒரு தடவை அதே புள்ளியில மறுபடி எடுத்து எழுதும். எவ்வளவு வேகமா ஏறுதோ அதை வச்சு, மூச்சுத் திணறல் தெரியறதுக்கு முன்னாடியே டூட்டி டாக்டரைக் கூப்பிட்டுடும். அவ்வளவுதான் கண்டுபிடிப்பு. இஞ்ச் டேப். நான் கேட்டேன், "என்னம்மா, ஜாக்கெட் தைக்கப் போறீங்களா?"ன்னு. வார்டே சிரிச்சுது. அந்தம்மாவும் சிரிச்சுச்சு. நல்ல நகைச்சுவை உணர்வு.

ஒருநாள் முசிறிப் பக்கத்துலேர்ந்து ஒரு பொண்ணு வந்திருந்துச்சு. பத்தொம்பது வயசு இருக்கும். பரீட்சையில ஃபெயிலாம். நல்லாத்தான் பேசிக்கிட்டு இருந்துச்சு, எனக்கு ஒண்ணும் தெரியல. இந்தம்மா டேப்பை வச்சுப் பாத்துட்டு "டாக்டர், பத்து மணிக்கு எடுத்ததுக்கு அரை இஞ்ச் ஏறிடுச்சு, இப்பவே போடுங்க"ன்னு நிக்குது. சின்ன டாக்டர் தயங்கறான். இது விடல. குழாய் போட்டாங்க. கால்மணி நேரத்துல அந்தப் பொண்ணு கழுத்து தூண் மாதிரி ஆயிடுச்சு சார். பிழைச்சுது. பிழைச்சு வீட்டுக்குப் போச்சு. அதெல்லாம் சரி. ஆனா நான் அன்னிக்கு ரிஜிஸ்டர் வேணும்னு காலையிலேர்ந்து காத்துக்கிட்டு இருக்கேன். சாயங்காலம் அஞ்சு மணிக்குத்தான் கைக்கு வந்துச்சு. வேலை நேரத்துல ஒழுங்கு வேணும் இல்லையா?

ஏன் ரிஜிஸ்டர்னா, என் பேப்பருக்கு. நானும் அதே சாயத்தைப் பத்தித்தான் எழுதினேன். முப்பத்தாறு எலி. அந்தச் சாயத்தைக் குடுத்தா எலிக்கு ஆகாதுங்கறதுதான் முடிவு. ஒரு வரியில சொல்றப்ப சின்னதாத் தெரியும், பதினாலு பக்கம் எழுதியிருக்கேன். அனுப்பின ஒன்பதாவது நாள் ஜர்னல்ல ஏத்துக்கிட்டாங்க. ஒரு திருத்தம் கேக்கல. அவ்வளவு சுத்தம். மனுஷங்களைப் பத்தின அட்டவணை ஒண்ணு இருக்கு, அது மட்டும் அந்தம்மா ரிஜிஸ்டர்லேர்ந்து எடுத்தது. எடுத்ததை மறைக்கல நான். கடைசிப் பக்கத்துல "ஆய்வக ஊழியர்களுக்கு நன்றி"ன்னு போட்டிருக்கேன். பன்மையில.

அந்தம்மாவும் டேப் விஷயத்தைப் பேப்பரா எழுதி, இங்கிலீஷைச் சரிபாத்துக் குடுங்க சார்னு என்கிட்ட கொண்டு வந்து குடுத்துச்சு. நான் மறுக்கல. வாங்கி மேசை டிராயர்ல வச்சேன். ஒரு எழுத்தைப் பாக்கறதுன்னா மனசு அமையணும் சார். பதினோரு மாசம் அமையல. நடுவுல நாலஞ்சு தடவை வந்து கேட்டுச்சு. கடைசியில ஒருநாள் வந்து, "பரவால்ல சார், நான் இருக்கற இங்கிலீஷ்லயே அனுப்பிடறேன்"னு வாங்கிக்கிட்டுப் போயிடுச்சு. போறப்ப கதவுகிட்ட நின்னு, "இந்தப் பதினோரு மாசத்துல நாப்பத்தி மூணு பேரு வந்தாங்க சார், நம்ம வார்டுக்கு மட்டும். மத்த ஆஸ்பத்திரியில எத்தனை பேருன்னு தெரியாது"ன்னு சொல்லுச்சு. எதுக்கு அந்த எண்ணிக்கையை என்கிட்ட சொல்லுச்சுன்னு இன்னிவரைக்கும் எனக்குப் பிடிபடல.

பேப்பர் வந்துடுச்சு. பெரிய ஜர்னல் இல்ல, ஆனா வந்துடுச்சு. வந்த மூணாவது மாசம் தஞ்சாவூர்ப் பக்கம் ரெண்டு கவர்மென்ட் ஆஸ்பத்திரியில டேப் வாங்கி வச்சுட்டாங்கன்னு கேள்விப்பட்டேன். டேப்தான, யார் வேணும்னாலும் வாங்கலாம்.

இந்த வருஷம் விருதுக்கு அறிவிப்பு போட்டது யாரு? நான்தான், இணைச் செயலாளர். முறைப்படி போட்டேன். பேரவை ஆபீஸ் அறிவிப்புப் பலகையில பத்து நாள் இருந்துச்சு. ஆபீஸ் அந்தப் பத்து நாள்ல வெள்ளையடிக்கறதுக்காகப் பூட்டியிருந்தது தற்செயல். இணையதளத்துலயும் போட்டேன், சுற்றுலாப் படங்களுக்குக் கீழ. இருந்தும் என்னைச் சேத்து மூணு விண்ணப்பம். ஒண்ணுல கையெழுத்து கட்டத்தை விட்டு வெளிய வந்திருந்துச்சு, தள்ளுபடி. ரெண்டாவது என்னுது. மூணாவதைப் பிரிச்சாப் பேரு, முனைவர் சகாயராணி.

நேரா வார்டுக்குப் போனேன். டெஸ்ட் டியூப் கழுவிக்கிட்டு இருந்துச்சு.

"என்னம்மா இது, இளம் ஆய்வாளர் விருதுக்குப் போட்டிருக்கீங்க?"

"ஆமா சார்."

"உங்களுக்கு அம்பத்தி ரெண்டு வயசு."

"விதியில வயசு இல்லயே சார். பட்டம் வாங்கி அஞ்சு வருஷம்னு போட்டிருக்கு. எனக்கு இது ரெண்டாவது வருஷம்."

"நாலு பேரு சிரிப்பாங்கம்மா. உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்."

"நீங்க போன வருஷம் பேசினீங்களாம்ல சார், பிள்ளைங்களை வளத்துட்டு லேட்டா வர்ற பொம்பளைங்களைப் பத்தி. உங்க பேரவையில இருக்கற பத்மா மேடம் சொன்னாங்க. கேட்டுட்டுத்தான் எனக்கே போடலாம்னு தோணுச்சு. உங்களுக்கு நன்றி சொல்லணும்னு இருந்தேன்."

குத்திப் பேசுதோன்னு முகத்தைப் பாத்தேன். இல்ல சார். உண்மையாத்தான் சொல்லுச்சு. அதுதான் இன்னும் எரிச்சல். குத்திப் பேசினாலாவது பதில் சொல்லலாம். சரி, ரெண்டு பேரும் சேந்து விண்ணப்பம் போடலாமா, என் எலியும் உங்க டேப்பும் ஒரே ஆய்வுன்னு காட்டலாமேன்னுகூடக் கேட்டுப் பாத்தேன். "எலிக்குக் கழுத்து எடுத்ததில்லையே சார்"னுடுச்சு.

விழா ஒரு ஞாயித்துக்கிழமை. கன்டோன்மென்ட்ல ஒரு ஹோட்டல் ஹால்ல. விண்ணப்பிச்சவங்க காலையில கமிட்டி முன்னால பேசணும், மத்தியானம் விருது. கமிட்டித் தலைவர் பேராசிரியர் நாகலிங்கம், ரிட்டயர் ஆனவர், கறார் மனுஷன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் கண்ணாடி முன்னால நின்னு பேசிப் பாத்துக்கிட்டு இருக்கேன். எங்க வீட்ல வந்து பின்னால நின்னா. "இளம் ஆய்வாளர்னு கூப்பிட்டதும் இந்தத் தலையோடவா மேடை ஏறப் போறீங்க? சால்வையை உங்க மேல போடறதா, உங்களை வச்சு வேற யாருக்காவது போடறதான்னு அவங்க குழம்பிடுவாங்க"ன்னா.

அதுல நியாயம் இருந்துச்சு. முழுக்க வெள்ளை சார் அப்ப.

என்ன சிரிக்கிறீங்க? தெரியும், நீங்க என்ன கேக்கப் போறீங்கன்னு. சாயம் விஷம்னு பதினாலு பக்கம் எழுதினவன் அதையே தலையில தடவலாமான்னு. தடவலாம். என் ஆய்வு குடிக்கறதைப் பத்தி. தடவறதைப் பத்தி நான் ஒரு வரிகூட எழுதல. ஆராய்ச்சின்னா அந்த எல்லை தெரியணும். முன்னாடி ஒரு தடவை தங்கச்சி பொண்ணு சடங்குக்குப் போட்டிருக்கேன், ரெண்டு நாள் அரிப்பு, அவ்வளவுதான். பெட்டியில என்னமோ போட்டிருந்துச்சு, காதுக்குப் பின்னால கொஞ்சம் தடவி ரெண்டு நாள் பொறுத்துப் பாருங்கன்னு. அது சாதாரண ஜனங்களுக்குப் போட்டது. சனிக்கிழமை காலையில போட்டேன். நல்லாப் பிடிக்கட்டும்னு கொஞ்சம் கூடுதலா ஊற வச்சேன். கண்ணாடியில பாத்தா எனக்கே என்னைத் தெரியல. முப்பத்தி ரெண்டு வயசு சொல்லலாம்.

ஞாயித்துக்கிழமை காலையில எந்திரிச்சா நெத்தி இறுக்கமா இருக்கு. கண்ணு ரெண்டும் பாதிதான் தொறக்குது. பதட்டம்னு நினைச்சேன். ஹாலுக்குப் போனேன். பேர் வரிசைப்படி பேசணும். தமிழ் வரிசையில அந்தம்மாதான் முதல்ல வரும், அதனால இங்கிலீஷ் வரிசைன்னு போட்டிருந்தேன். நான் முதல்ல.

நாலாவது ஸ்லைடு போறப்ப நாகலிங்கம் சார், "மாசிலாமணி, உடம்புக்கு என்ன?"ன்னார். தூக்கம் இல்ல சார், ஆராய்ச்சின்னேன். எனக்கு உதடு தடிச்சுப் போயிருக்கறது தெரியுது. "எலி"ன்னு சொன்னா வேற என்னமோ வருது. அப்ப கடைசி வரிசையிலேர்ந்து ஒரு உருவம் எந்திரிச்சு நடுவழியா நடந்து வருது. சகாயராணியம்மா. கையில டேப்.

"சார், ஒரு நிமிஷம் அசையாம நில்லுங்க."

"உங்க முறை அப்பறம்தாம்மா."

கேக்கல. காலர் பட்டனைக் கழட்டி, கழுத்துல பேனாவால புள்ளி வச்சு, டேப்பைச் சுத்திப் பாத்துச்சு. "பதினஞ்சே முக்கால்"னு சத்தமா சொல்லிட்டு, கையில எழுதிக்கிச்சு. "தலைக்கு என்ன சார் போட்டீங்க?"

கமிட்டி மொத்தமும் பாத்துக்கிட்டு இருக்கு. நான் என்ன சொல்ல முடியும்? நல்லெண்ணெய்ன்னு சொன்னேன்.

"சார், காலர்ல கருப்பு ஒட்டியிருக்கு."

யாரோ சிரிச்சாங்க. நான் அதைக் கண்டுக்காம அஞ்சாவது ஸ்லைடுக்குப் போனேன். அந்தம்மா போகல. முன்வரிசையில உக்காந்துக்கிட்டு கடிகாரத்தைப் பாக்குது. பத்து நிமிஷத்துல மறுபடி வந்துச்சு. அதே புள்ளி. "பதினாறேகால். நிறுத்துங்க சார், கிளம்பலாம்."

"இன்னும் ஏழு ஸ்லைடு இருக்கு"ன்னேன். சொன்னேன்னு நினைச்சேன். சத்தம் வரல.

அதுக்கப்பறம் நடந்தது துண்டு துண்டாத்தான் ஞாபகம் இருக்கு. ஆம்புலன்ஸுக்குக் காத்திருக்க வேணாம்னு அந்தம்மா என்னை நாகலிங்கம் சார் கார்லயே ஏத்துச்சு. போன்ல வார்டுக்குச் சொல்லுது, "வர்றோம், பத்து நிமிஷம், பதினாறரை, குழாய் எடுத்து வைங்க, கழுத்துல ஓட்டை போடவும் தயாரா இருங்க"ன்னு. யாரைப் பத்தியோ சொல்லுதுன்னு கேட்டுக்கிட்டு இருக்கேன். ஒரு கை டேப்பைப் பிடிச்சிருக்கு, இன்னொரு கை என் கையைப் பிடிச்சிருக்கு. எனக்கு மூச்சு உள்ள போகல சார். வாயைத் தொறந்தாலும் போகல. அந்த நாப்பத்தி மூணு பேரும் இப்படித்தான்... ஜன்னலைக் கொஞ்சம் தள்ளி விடுங்களேன். போதும், அவ்வளவு போதும்.

நான் ஏழுன்னு விரலைக் காட்டினேன். ஸ்லைடு ஏழு பாக்கி இருக்குன்னு. அது, "ஏழு நிமிஷம்தான் சார், போயிடலாம்"னுச்சு. புரிஞ்சுக்கிட்டது அவ்வளவுதான்.

மூணு நாள் தொண்டையில குழாய். பேச முடியாது. எங்க வீட்ல அக்காகிட்ட போன்ல சொல்றா, "வீடு அமைதியா இருக்குக்கா, ஆனா அவருக்குச் சரியாயிடணும்"னு. படுத்துக்கிட்டே கேட்டுக்கிட்டு இருந்தேன். சாயம் தலையில மிச்சம் இருக்கக்கூடாதுன்னு முதல் நாளே வழிச்சு எடுத்துட்டாங்க. இப்பவும் மாசத்துக்கு ரெண்டு தடவை நானே வழிச்சுக்கறேன். விட்டா வெள்ளையா வருது.

நாலாவது நாள்தான் தெரிஞ்சுது. விருதை அந்தம்மாவுக்குக் குடுத்துட்டாங்க.

இங்கதான் சார் என் வழக்கே. அந்தம்மா அன்னிக்கு மேடையில பேசவே இல்ல. என்கூட ஆஸ்பத்திரியில இருந்துச்சு. விதி ஒன்பது, நான் எழுதினதுதான்: கமிட்டி முன்னால பேசாதவங்க விண்ணப்பம் செல்லாது. படுக்கையிலேர்ந்தே கடிதம் எழுதினேன். எங்க வீட்ல எழுதித் தர மாட்டேன்னுட்டா, நர்ஸ்கிட்ட பேப்பர் வாங்கி நானே எழுதினேன். நாகலிங்கம் சார் ஒரே வரியில பதில் போட்டார். "ஆய்வை நேரில் பார்த்தோம், விளக்கம் தேவைப்படவில்லை." அவ்வளவுதான்.

பாத்தது என்ன? என் கழுத்தை. போட்டியாளரோட கழுத்தையே எடுத்து, கமிட்டி முன்னாலயே, பத்து நிமிஷத்துக்கு ரெண்டு தடவை அளந்து காட்டினா எந்தக் கமிட்டி சார் குடுக்காது? நான் எலியைக் கொண்டு போயிருந்தா ஹோட்டல்காரன் உள்ள விட்டிருப்பானா? சம வாய்ப்புன்னு ஒண்ணு வேணாமா? உயிரைக் காப்பாத்துச்சு, இல்லேன்னு சொல்லல. அது அதோட வேலை, அதுக்குத்தான் வார்டுல வச்சிருக்காங்க. விருது வேற விஷயம்.

இப்ப சென்னைக்குப் போறதே அதுக்குத்தான். நாளைக்குப் பொதுக்குழு. இந்தப் பையில திருத்தம் எழுதி வச்சிருக்கேன். பி.ஹெச்டி. வாங்கி அஞ்சு வருஷம், அதோட அம்பது வயசு மிகாமல். நல்ல விதி. முன்மொழிய ஆள் இருக்கு, வழிமொழியத்தான் தேடணும். முன்ன கண்ணைத் துடைச்சுக்கிட்டாங்களே பத்மா மேடம், அவங்ககிட்ட போன்ல கேட்டேன். அவங்க, "இணைச் செயலாளர் பதவிக்கு சகாயராணி பேரை நான் முன்மொழியறேன், நீங்க வழிமொழியறீங்களா?"ன்னு திருப்பிக் கேக்கறாங்க. ஜனங்களுக்கு நன்றி இல்ல சார்.

அந்தம்மா? வார்டுல என்னை டிஸ்சார்ஜ் பண்ற அன்னிக்கு வந்துச்சு. கேடயம் கீடயம் எதுவும் கொண்டு வரல. ஒரு ஃபாரம். "சார், இதை எழுதலாம்னு இருக்கேன். குடிக்காம, சும்மா தலையில தடவினதுக்கே இப்படி ஆனவங்களுக்கும் டேப் உதவுதுன்னு. உங்க சம்மதம் வேணும்."

"என் பேரு எத்தனாவதா வரும்?"னு கேட்டேன். குரல் அப்ப கரகரன்னு இருந்துச்சு.

"பேரு வராது சார். நோயாளி பேரைப் போடக்கூடாது."

"நான் ஆய்வாளர்மா."

"தெரியும் சார். ஆனா இதுல நீங்க நோயாளி."

வேணாம்னு சொல்லியிருக்கலாம். சொல்ல நினைச்சேன். அது பேனாவை மூடி கழட்டிக் குடுத்துக்கிட்டு நிக்குது. நான் தலையைத் திருப்பிப் பாத்தா, பக்கத்துக் கட்டில்ல ஒரு சின்னப் பொண்ணு, கழுத்துல புள்ளியோட படுத்திருக்கு. கையெழுத்துப் போட்டுட்டேன். படம் நல்லதாப் போடணும்னு மட்டும் சொன்னேன்.

போன வாரம் வந்துச்சு. இருங்க, செல்லுல வச்சிருக்கேன், கண்ணாடியைப் போட்டுக்கறேன். இதோ. வெளிநாட்டு ஜர்னல் சார். லண்டன். நான் இருபது வருஷமா அனுப்பிக்கிட்டு இருக்கேன், ஒரு தடவைகூடப் போட்டதில்ல. என் எலிப் பேப்பரை இதுவரைக்கும் ஆறு பேரு திறந்து பாத்திருக்காங்க, அதுல நாலு தடவை நான். இது ஒரு வாரத்துல மூவாயிரம் தாண்டிடுச்சு. பிரேசில்லேர்ந்து ஒரு டாக்டர் கடிதம் எழுதியிருக்காராம்.

கீழ தள்ளுங்க. இன்னும் கொஞ்சம். இந்தப் படம்தான். கண்ணுக்கு மேல கருப்புப் பட்டை போட்டுட்டாங்க, அடையாளம் தெரியக்கூடாதாம். பக்கத்துல பாருங்க, "நாற்பத்தெட்டு வயது ஆண்"னு போட்டிருக்கு. காலேஜ்ல ஒருத்தனும் கண்டுபிடிக்கல. நானா போய்ச் சொல்றதும் நல்லா இல்ல.

நீங்க சொல்லுங்க சார். என்னோட இவ்வளவு நேரம் உக்காந்து பேசிக்கிட்டு வந்திருக்கீங்க. ரெண்டு விரலால பெருசாக்கிப் பாருங்க. மூக்கைப் பாருங்க, இந்தத் தாடையைப் பாருங்க. நான்தான்னு தெரியுதில்ல?

விழுப்புரமா? பரவால்ல, வண்டி நிக்கட்டும். நல்லாப் பாத்துட்டு இறங்குங்க.